பேராசிரியரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறவர்களுக்குக் கொழுப்புச் சோதனையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்துத்தான் லிட்டருக்கு விலை போடுகிறார்கள். வரப்பில் வளை தோண்டி நெற்கதிரைக் கத்தரித்துப் போடும் எலிக்கு வைக்கிற மருந்தும் எல்லோருக்கும் பழக்கமானதே. ஆனால் இந்த இரண்டின் வரலாறும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவின் வடபகுதியில், மாடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் விவசாயக் கல்லூரிதான் அந்த இடம்.

அந்தக் கல்லூரியின் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக ஆசிரியர்கள் தாங்கள் கண்டுபிடித்ததை வைத்துத் தொழில் நடத்தலாமா, அப்படி நடத்தினால் கல்லூரி வளருமா தேயுமா என்ற பேச்சு உலகெங்கும் நடந்து வருகிறது. நம் நாட்டிலும் நடக்கிறது. இது படித்தவர்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ரகம், மருந்து, நுண்ணூட்டக் கலவை ஆகியவற்றின் விலை கடைசியில் நம் மடியிலிருந்துதான் போகிறது. அதோடு, பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு ஆகும் செலவில் நம் வரிப்பணமும் இருக்கிறது.

இலவசமாகக் கொடுத்தவர்

சுமார் 135 ஆண்டுகளுக்கு முன் விஸ்கான்சினில் பாலுக்கு எடை போட்டுப் பணம் கொடுத்தார்கள். அவ்வளவுதான் கணக்கு. தண்ணீர் கலந்தவருக்கும் கலக்காதவருக்கும் ஒரே விலை. ஆடையை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டு வந்தவருக்கும் அதே விலை. கெட்டிப் பால் கொடுக்கும் மாட்டை வைத்திருந்தவர்தான் நஷ்டப்பட்டார். நாணயமாக நடப்பவருக்கு அபராதம் விதித்தது போல் இருந்தது அந்த ஏற்பாடு. வெண்ணெய், பாலாடைக்கட்டி செய்யும் ஆலைகளும் கையைச் சுட்டுக்கொண்டன.

அந்தக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் பாப்காக் 1890-ம் ஆண்டில் இதற்கு வழி கண்டார். நீண்ட கழுத்துள்ள ஒரு கண்ணாடிக் குப்பியில் ஏறத்தாழ 17.6 மில்லி பாலை எடுத்துக்கொண்டு, அதே அளவு கந்தக அமிலத்தைச் சேர்க்க வேண்டும். அமிலம் கொழுப்பைத் தவிர மற்றதையெல்லாம் கரைத்துவிடும். குப்பியை வேகமாகச் சுழற்றி வெந்நீர் ஊற்றினால் கொழுப்பு மேலெழும்பிக் கழுத்துக்கு வரும். கழுத்தில் கோடு போட்டிருக்கும். எத்தனையாவது கோடு வரை நிற்கிறதோ அத்தனை சதவீதம் கொழுப்பு. ரசாயனம் படிக்காத ஆளும் இதைச் செய்து பார்க்கலாம் என்பதுதான் இதன் பெருமை. நம் சொசைட்டிகளில் பல்லாண்டுக் காலம் நடந்து வந்த கெர்பர் சோதனை இதற்குச் சற்றுப் பின்னால் சுவிட்சர்லாந்தில் உருவானது. அமிலமும் சுழற்சியும் அதிலும் உண்டு. இப்போது பல இடங்களில் மின்னணுக் கருவி வந்துவிட்டது.

பாப்காக் இதற்குப் பேடண்ட் எனப்படும் காப்புரிமை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் குப்பி ஒவ்வொன்றுக்கும் காசு வந்திருக்கும். அவரோ செய்முறை முழுவதையும் கல்லூரியின் அறிக்கையில் அச்சிட்டு யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சில ஆண்டுகளுக்குள் அந்தக் குப்பி நாடு முழுவதும் பரவிவிட்டது. விவசாயிகள் தங்கள் மாடுகளின் பாலைத் தனித்தனியே சோதித்து, எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். விஸ்கான்சின் பால் மாநிலம் என்று பெயர் எடுத்ததில் இந்தச் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு.

கல்லூரிக்கு இதனால் ஒரு டாலர்கூட வரவில்லை. ஆனால் அது நஷ்டமா? கல்லூரி என்றால் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்திருந்த விவசாயி, தன் பாலுக்கு நியாயமான விலை கிடைக்க வழி செய்தது அந்தக் கல்லூரிதான் என்று கண்ணால் கண்டார். அளக்கும் கருவி விஷயத்தில் பாப்காக் செய்ததே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. படியும் தராசும் தனியார் சொத்தாக இருந்தால் சந்தை நடக்காது.

காப்புரிமை எடுத்தவர்

அதே கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பேராசிரியர் வேறு முடிவு எடுத்தார். அவர் பெயர் ஹாரி ஸ்டீன்பாக். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

அந்தக் காலத்தில் குளிர்நாட்டுக் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் என்ற நோய் நிறைய வந்தது. எலும்பு உறுதிப்படாமல் கால் வளைந்துபோகும். உடலில் வெயில் படாததும் வைட்டமின் டி போதாததும் இதற்குக் காரணம். மீன் எண்ணெய் கொடுத்தால் குணமாகும் என்பது தெரிந்திருந்தது. ஸ்டீன்பாக் எலிகளை வைத்துச் சோதனை செய்து, சில உணவுப் பொருள்களின் மீது புறஊதாக் கதிர் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினால் அவற்றிலேயே அந்த வைட்டமின் உண்டாகிறது என்று 1924-ம் ஆண்டில் வெளியிட்டார். காப்புரிமைக்கான ஆரம்பச் செலவைத் தம் கைப்பணத்திலிருந்து போட்டார். ஓட்ஸ் தயாரிக்கும் ஒரு பெரிய கம்பெனி சுமார் 10 லட்சம் டாலர் தர முன்வந்ததாகச் சொல்வார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை.

அவர் யோசித்தது இதுதான்: காப்புரிமை இல்லாவிட்டால் கண்டவர்களும் போலிச் சரக்கைச் செய்து, கல்லூரியின் பெயரைச் சொல்லி விற்பார்கள். காப்புரிமை தம் கையில் இருந்தால் ஊர் பழிக்கும். பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டால் அது வியாபாரத்தில் இறங்கியதாகும். ஆகவே 1925-ம் ஆண்டில் தனியாக ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை என்று அதற்குப் பெயர். ஒன்பது முன்னாள் மாணவர்கள் ஆளுக்கு 100 டாலர் போட்டார்கள். 900 டாலர்தான் மூலதனம். கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் கொடுத்துப் பணம் வசூலிப்பதும், மிச்சத்தைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே கொடுப்பதும் அதன் வேலை. நிகர வருவாயில் 15 சதவீதம் கண்டுபிடித்தவருக்கு.

பணம் வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. 1930-களில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் பிடித்தபோது பல கல்லூரிகளில் சம்பளம் குறைந்தது, ஆராய்ச்சி நின்றது. விஸ்கான்சினில் அறக்கட்டளைப் பணம் ஆராய்ச்சியாளர்களைத் தாங்கிப் பிடித்தது. ஆசிரியரின் தொழில் முயற்சியால் கல்லூரி உயர்ந்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இனி மறுபக்கம். அந்த நாளில் வெண்ணெய் வாங்க முடியாத ஏழைகள் மார்கரின் என்ற போலி வெண்ணெயை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார்கள். நம்மூரில் நெய்க்கு வனஸ்பதி போல. மார்கரினில் வைட்டமின் டி சேர்ந்துவிட்டால் விஸ்கான்சின் விவசாயியின் வெண்ணெய் படுத்துவிடும் என்று ஸ்டீன்பாக் அஞ்சினார். காப்புரிமை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அறக்கட்டளையும் மார்கரின் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுக்க மறுத்தது. வெண்ணெய் விற்கிறவருக்கு அது நல்ல செய்தி. கால் வளைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு மார்கரின் வாங்கும் கூலிக்காரருக்கு? அந்த வைட்டமின் மிகவும் தேவைப்பட்டது அவர் வீட்டில்தான். நானும் மாடு வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறவன்தான். ஆனாலும் அதைச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. வெட்டிய தீவனத்தை வெயிலில் உலர்த்தும்போதும் சூரியன் இதே வேலையைத்தான் செய்கிறது, அப்படியானால் வைக்கோல் உலர்த்துகிறவரும் காப்புரிமையை மீறியவரா என்ற கேள்வி எழுந்தது. 1940-களின் நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்றது. ஏழைகளின் உணவுக்கு அதை மறுத்ததையும் கண்டித்தது. 1946-ல் அவை பொதுவுக்கு விடப்பட்டன.

பால் கேனில் வந்த ரத்தம்

எலி மருந்தின் கதை 1933-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தொடங்குகிறது. டீர் பார்க் என்ற ஊரிலிருந்து ஒரு விவசாயி, கொட்டும் பனியில் சுமார் 190 மைல் வண்டி ஓட்டிக்கொண்டு மாடிசனுக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடாரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், 100 ராத்தல் அளவுக்குக் கெட்டுப்போன உலர்தீவனம். அவருடைய மாடுகள் ரத்தம் கசிந்து ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. கால்நடை அலுவலகம் மூடியிருந்ததால், கதவு திறந்திருந்த கார்ல் பால் லிங்க் என்ற பேராசிரியரின் சோதனைச்சாலைக்கு வந்து சேர்ந்தார்.

தீவனம் ‘இனிப்புக் குளோவர்’ என்ற பயறு வகைப் பயிர். நம் குதிரைமசாலுக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்திருந்தால் கெடுதல் இல்லை. ஈரத்தோடு போர் போட்டுப் பூஞ்சணம் பிடித்தால் அதைத் தின்ற மாட்டுக்கு ரத்தம் உறையாது. இது 1920-களிலேயே கால்நடை வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. என்ன நச்சு என்பதுதான் தெரியவில்லை. அன்றைக்கு லிங்க்கினால் சொல்ல முடிந்தது, அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள், முடிந்தால் நல்ல மாட்டின் ரத்தத்தை ஏற்றுங்கள் என்பது மட்டுமே. அது அவருக்கே உறுத்தியது. விவசாயி போன பிறகு அந்தக் கேனை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1939-ல் அவருடைய சோதனைச்சாலை அந்த நச்சைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தது. டைகூமரால் என்று பெயரிட்டார்கள். ரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகும் நோயாளிகளுக்கு அதுவே மருந்தாயிற்று. காப்புரிமை அறக்கட்டளைக்குப் போனது. பிறகு அதே குடும்பத்தைச் சேர்ந்த பல பொருள்களைச் செய்து பார்த்து, அவற்றில் ஒன்றை எலி மருந்தாக 1948-ல் வெளியிட்டார்கள். அதுதான் வார்ஃபாரின். அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘வார்ஃப்’ என்று வரும். அதிலிருந்து பிறந்த பெயர் அது.

அதுவரை இருந்த விஷங்களைத் தின்ற எலி உடனே துடிக்கும். மற்ற எலிகள் அந்தப் பக்கம் தலைவைக்காது. துத்தநாக பாஸ்பைடு வைப்பவர்கள் அறிந்த தொல்லைதான் இது. முதலில் சில நாள் வெறும் பொரியை வைத்துப் பழக்க வேண்டியிருக்கிறது. வார்ஃபாரினைத் தின்ற எலிக்கு உடனே ஒன்றும் ஆகாது. பல நாள் தின்று, உள்ளே ரத்தம் கசிந்து சாகும். சந்தேகப்பட மற்ற எலிகளுக்கு வழியில்லை. காலப்போக்கில் சில நாடுகளில் எலிகள் அதற்கும் அசையாமல் போயின. இன்று நம் கடைகளில் கட்டியாக விற்கும் புரோமடியலோன் அதே குடும்பத்தில் பின்னால் பிறந்தது. இந்த வகை மருந்தைக் குழந்தையோ வளர்ப்பு நாயோ தின்றுவிட்டால் அட்டையோடு உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வைட்டமின் கே இதற்கு முறிவு. தாமதித்தால் ஆபத்து.

வார்ஃபாரினே 1954-ம் ஆண்டிலிருந்து மனிதருக்கும் மருந்தானது. மறு ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அதைக் கொடுத்தார்கள். அறக்கட்டளைக்கு நல்ல வருமானம். கல்லூரிக்கு நல்ல பெயர். ரத்தக் கேனைக் கொண்டுவந்தவருக்கு ராயல்டி கிடையாது. அவர் அதை எதிர்பார்த்து வந்தவரும் அல்ல. என் மனதில் நிற்பது வேறொன்று. முன்பின் தெரியாத ஒரு விவசாயி விடுமுறை நாளில் உள்ளே வரலாம் என்றிருந்த கல்லூரியில்தான் அந்த மருந்து பிறந்தது. தொழிலும் லாபமும் பிற்பாடு வந்தவை. முதலில் வந்தது மாட்டு நோய்.

கணக்குப் பார்த்தால்

1980-ம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதைக் கொண்டுவந்த இரண்டு செனட்டர்களின் பெயரால் பை–டோல் சட்டம் என்பார்கள். அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் கிடைத்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே தன் சொத்தாக வைத்து உரிமம் கொடுக்கலாம் என்றாயிற்று. அதன் பிறகு அங்கே காப்புரிமை அலுவலகம் இல்லாத பெரிய பல்கலைக்கழகமே இல்லை. பேராசிரியர்கள் கம்பெனி தொடங்குவதும் சாதாரணமாயிற்று.

இதனால் கல்லூரிகள் செழித்தனவா? சிலவற்றுக்குக் குதிரை ஓடியது. ஸ்டான்ஃபோர்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகங்கள் மரபணுவை வெட்டி ஒட்டும் முறைக்கு வாங்கிய காப்புரிமை, 1997-ல் முடிவதற்குள் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கோ அலுவலகச் செலவுக்கே வருமானம் போதவில்லை. நூறு விதை ஊன்றி ஒன்றோ இரண்டோ காய்ப்பது போலத்தான்.

கம்பெனிப் பக்கம் போகிற ஆசிரியர் படிப்பையும் ஆராய்ச்சியையும் கைவிட்டுவிடுவார் என்ற பயம் முதலில் இருந்தது. ஆய்ந்து பார்த்தபோது அது பெரும்பாலும் சரியில்லை என்று தெரிந்தது. காப்புரிமை வாங்குகிறவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் அதிகமாகவே எழுதுகிறார்கள். உழைக்கிறவர் இரண்டு இடத்திலும் உழைப்பார் என்பதும் இதில் உண்டு. கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. கண்டதை உடனே சொல்லாமல் மூடி வைப்பது, சக ஆசிரியருக்குக்கூட மாதிரி தர மறுப்பது, இவை வியாபாரத் தொடர்பு உள்ளவர்களிடம் கூடுதலாக இருந்தது. பாப்காக்கின் அறிக்கை நினைவுக்கு வருகிறது.

ஸ்ட்ராபெரிச் சண்டை

ரகம் உண்டாக்கும் ஆசிரியர் தொழிலதிபரானால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவில் அண்மையில் ஒரு வழக்கு நடந்தது. ஸ்ட்ராபெரிப் பழம் நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கொஞ்சம் விளைகிறது. மகாபலேஷ்வரில் நிறைய விளைகிறது. அங்கே பயிராகும் கமரோசா என்ற ரகம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துடையது. அப்பல்கலைக்கழகம் ரகங்களுக்குக் காப்புரிமை வாங்கி, நாற்றுப் பண்ணைகளிடமிருந்து ராயல்டி பெற்றது. அதில் ரகம் உண்டாக்கிய வல்லுநர்களுக்கும் பங்கு கிடைத்தது. விவசாயிகளின் அமைப்பும் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து வந்தது.

இரண்டு வல்லுநர்கள் பல்கலைக்கழகத்தை விட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கத் திட்டமிட்டார்கள். கல்லூரியின் தாய்ச்செடிகளும் அவர்களோடு போய்விடுமோ, பொது ஆராய்ச்சி மூடப்படுமோ என்று பயந்த விவசாயிகளின் அமைப்பு 2013-ல் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குப் போட்டது. வல்லுநர்கள் 2014-ல் விலகினார்கள். பொது ஆராய்ச்சியைத் தொடர்வது என்ற ஏற்பாட்டோடு விவசாயிகளின் வழக்கு 2015-ல் முடிந்தது. புதிய வல்லுநரும் வந்தார். பிறகு கம்பெனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வழக்கு. பல்கலைக்கழகத்தின் ரகங்களை அனுமதியில்லாமல் கலப்புக்குப் பயன்படுத்தினார்கள் என்று 2017-ல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அதே ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. ஆக, பொது ஆராய்ச்சி தப்பியது விவசாயிகள் முன்கூட்டியே விழித்துக்கொண்டு கேட்டதனால்தான்.

நம் பக்கம்

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தன் கண்டுபிடிப்புகளைச் சரக்காகத் தருகிறது. தென்னை டானிக், பயறு ஒண்டர் போன்ற ஊட்டக் கலவைகளைப் பயன்படுத்தியவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பார்கள். இதில் தவறொன்றும் இல்லை. கலவையைத் தரமாகச் செய்யக் கூடமும் ஆளும் வேண்டும். எப்போது, எவ்வளவு, எந்த வயதுப் பயிருக்கு என்ற செய்தியோ இலவசமாகவே கிடைக்க வேண்டும். அதை வேளாண் அறிவியல் நிலையத்தில் தயங்காமல் கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி யாராவது சரக்கு விற்றால், உரிமம் பெற்று விற்கிறாரா என்றும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

ரகங்களைப் பொறுத்தவரை நமக்கு 2001-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். பதிவு செய்து பாதுகாக்கப்பட்ட ரகமானாலும், அது பல்கலைக்கழகத்துடையதோ கம்பெனியுடையதோ, அதன் விதையை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. பெயர் பொறித்த பையில் அடைத்து வணிக முத்திரையோடு விற்கக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த போகம் அதேபோல் வராது என்பது வேறு விஷயம். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை விற்கிறவர், சொன்ன நிலைமையில் அது என்ன விளைச்சல் தரும் என்பதைத் தெரிவிக்க வேண்டும். அப்படி விளையாவிட்டால் அதற்கென உள்ள ஆணையத்திடம் நஷ்டஈடு கோரலாம்.

இன்னொரு விதியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஓர் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ரகத்திலிருந்து பேராசிரியரோ கம்பெனியோ புதிய ரகம் உண்டாக்கிப் பதிவு செய்தால், அந்த ஊரார் தங்கள் பங்கைக் கேட்டு மனுச் செய்யலாம். தேசிய மரபணு நிதியிலிருந்து அது வழங்கப்படும். மனுச் செய்ய ஆதாரம் வேண்டும். எந்த ரகம், யார் யார் வயலில், எத்தனை காலமாக என்று ஊரில் ஒருவர் இப்போதே நோட்டில் எழுதி வைப்பது நல்லது.